கட்டுநாயக்காவில் இறங்கிய இரவே யாழ்ப்பாணம் வெளிக்கிடாதீர்கள்

ஒரு ஓகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து குடும்பமாக ஊருக்குப் போனோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர இரவு ஒன்றரை மணி. மச்சான் பேசி அனுப்பிய வான் தயாராக நின்றது. எல்லோருக்கும் அவசரம். விடிய வீட்டில் நிற்க வேண்டும், அம்மா புட்டு அவித்துக்கொண்டு பார்த்திருப்பா. சிலாபம் கடந்து புத்தளத்துக்குக் கிட்ட வரும்போது சாரதித் தம்பி தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். ஏசி ஓடும்போது ஏன் இறக்குகிறார் என்று யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

“தம்பி, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?”

“நேற்று மத்தியானம் அண்ணை. ஒரு பிரச்சினையும் இல்லை, பழக்கம்தான்.”

எங்களை ஏற்ற ஏழெட்டு மணித்தியாலம் ஓடி வந்து, நான்கைந்து மணித்தியாலம் விமான நிலையத்தில் காத்து நின்று, கண் மூடாமல் திரும்பவும் அவ்வளவு தூரம் ஓடப் புறப்பட்டிருக்கிறார். அடுத்து வந்த பெற்றோல் செட்டில் நிறுத்தச் சொன்னேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, சீற்றைச் சாய்த்து, விடியும்வரை அவரும் நாங்களும் அங்கேயே படுத்தோம். புட்டு ஆறிப்போனதுதான் நட்டம்.

ஊர் வீதி என்றதும் நாங்கள் பஸ்காரரையும் ஓட்டோக்காரரையும்தான் திட்டுவோம். என்னைக் கேட்டால், பயணம் முழுவதிலும் ஆபத்தானது இந்த முதல் இரவுதான். அதைத் தவிர்ப்பதும் முழுக்க எங்கள் கையில்தான் இருக்கிறது. விமானம் இரவில் இறங்கினால் நீர்கொழும்புப் பக்கம் ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள். சாரதியை முதல் நாளே வரச் சொல்லி, அவருக்கும் படுக்க இடம் ஒழுங்கு செய்யுங்கள். வாடகை பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். நடு வழியில் “நித்திரை வருதா?” என்று கேட்டால் எந்தச் சாரதியும் ஓம் என்று சொல்ல மாட்டார்.

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ரொறன்ரோவில் மொன்றியல் போய்வந்த கணக்கில் நாலு மணித்தியாலம் என்று நினைக்காதீர்கள். அதிவேகப் பாதை குருநாகலோடு முடிந்துவிடும். வடக்கே வருவதெல்லாம் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. வழமையான வழி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம்; பிறகு மதவாச்சிப் பக்கம் ஏ9 வீதியில் ஏறி வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. கார்களுக்கு ஊர் மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை. ஏ9 நேராகவும் வெறுமையாகவும் கிடப்பதால் கால் தானாக அழுத்தும். வேகம் அளக்கும் கருவியோடு பொலிஸ் நிற்பதும் அந்த நேரான துண்டுகளில்தான்.

பகலில் போகச் சொல்வதற்கு நித்திரை மட்டும் காரணமில்லை. அனுராதபுரம், மதவாச்சி, வவுனியாப் பக்கங்களில் பொழுது பட்டால் யானை வீதிக்கு வரும். மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் கட்டாக்காலி மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். மழைக் காலத்தில் மண்ணைவிடத் தார் சூடாகவும் காய்ந்தும் இருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். கறுப்பு மாடு கறுப்புத் தாரில் படுத்திருந்தால், முன்லைற் வெளிச்சத்தில் கண் மினுங்கும்வரை தெரியாது. பின்லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் சைக்கிளும் தனி. பகலில் போனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு ஆறுதலாகப் போகலாம். எல்லா வாகனமும் அங்கே நிற்கும் வழக்கம் இருப்பது சாரதிகளுக்கும் நல்லது. சென்னை வழியாக வருபவர்களுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலிக்கே விமானம் இருக்கிறது. வயதான பெற்றோருடன் போனால் அதையும் யோசியுங்கள்.

ஏறுவதற்கு முன் வானை ஒருக்கால் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கே.டி.எச். என்று சொல்லும் டொயோட்டா ஹைஏஸ் வான்தான் வரும். பின் சீற்றுகளில் பெல்ட் இருக்கும், ஆனால் சீற் கவருக்குள் புதைந்து கிடக்கும். கையை விட்டுத் தேடி இழுத்தெடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் மடக்கு சீற்றில் பிள்ளைகளை இருத்தாதீர்கள். பிள்ளைகளுக்கான கார் சீற் வாடகை வானில் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பல விமான நிறுவனங்கள் அதைப் பெட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலு பேர் போனால் எட்டுப் பெட்டி. அதைக் கடைசி சீற்றுக்குப் பின்னால் கூரை வரை அடுக்கினால், சடுதியாகப் பிறேக் போடும்போது பிள்ளையின் பிடரியில்தான் விழும். பாரமானதைக் கீழே வைத்து, மேலே உள்ளதைக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ரயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. பூ தேயாவிட்டாலும் ஆறேழு வருடமான ரயர் அந்த வெயிலில் நம்பக்கூடியதல்ல.

நானே ஓடுவேன் என்பவர்களுக்கு: சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. அதை இலங்கையில் அங்கீகரித்துக்கொள்ள வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கருமபீடம் இருக்கிறது. சொந்தக்காரரின் காரை வாங்கி ஓடினால் காப்புறுதிப் பத்திரமும் வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகவில்லையா, காப்புறுதி உங்களுக்கும் செல்லுமா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். இடித்த பிறகு கேட்பதுதான் வெட்கம்.

லண்டன், சிட்னிக்காரருக்கு இடது பக்கம் பழக்கம். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வேக்காரர்தான் கவனிக்க வேண்டும். நெரிசலில் பிழை வராது, முன்னால் போகிறவனைப் பார்த்து ஓடிவிடுவோம். விடியற்காலை ஆளில்லா ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும்போதும், பெற்றோல் செட்டிலிருந்து வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கம் இழுக்கும். முதல் இரண்டு நாள் ஸ்ரியறிங்கைத் தொடாதீர்கள். சிக்னல் போட நினைத்து மழை இல்லாமல் வைப்பரை ஓட விடுவீர்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது வேறு விஷயம். பிள்ளைகள் விஷயத்தில் சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. கனடாவில் வலப் பக்கக் கதவால் இறங்கினால் நடைபாதை. ஊரில் அந்தப் பக்கம் இறங்கினால் பஸ். சிறிய பிள்ளையைப் பின் சீற்றில் இடப் பக்கம் இருத்தி, வலப் பக்கக் கதவுக்குப் பிள்ளைப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

எதிரே வருபவர் லைற் அடித்தால் “நீங்கள் போங்கோ” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அதன் அர்த்தம் “நான் வாறன், விலகு”. முன்னால் போகும் லொறி இடப் பக்கச் சிக்னல் போட்டு முந்தச் சொல்லும். அவர் பார்வைக்கு வெளி தெரியலாம். உங்களுக்குத் தெரியாதவரை முந்தாதீர்கள். மஞ்சள் கடவையில் ஆள் கால் வைத்தால் நிறுத்த வேண்டும். பொலிஸ் தண்டப்பத்திரம் எழுதினால் வாங்கித் தபாலகத்தில் கட்டுங்கள், கையில் காசு திணிக்காதீர்கள்.

வடக்கில் ரயில் கடவைகள் பல இன்றும் தடுப்போ காவலாளோ இல்லாதவை. 2014இல் யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது, இருபத்துச் சொச்சம் வருடம் தண்டவாளமே இல்லாமல் பழகிய சனத்துக்கு இது புதிதாக இருந்தது. இப்போது ரயிலும் வேகம். ஏசியைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் பார்த்த பிறகே ஏறுங்கள்.

காலத்தைப் பொறுத்து வீதியும் மாறும். ஆடி ஆவணியில் காய்ச்சல் வெயிலும் சோழகக் காற்றும். பண்ணைப் பாலத்திலும் வல்லைவெளியிலும் குறுக்கே அடிக்கும் காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிடும். அவர்களை முந்தும்போது தாராளமாக இடம் விடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும், எட்டத்தில் விட்டுவிட்டு நடப்பதுதான் சுகம். நிழலில் விட்டாலும் பிள்ளையைக் காருக்குள் விட்டுவிட்டு ஐந்து நிமிடம்கூடக் கடைக்குப் போகாதீர்கள்.

மாரி என்றால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது புத்தளம்–அனுராதபுரம் வீதியில் கலா ஓயா பெருகி, பயணிகளோடு ஒரு பஸ்ஸே வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. ஆகவே நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் வெளிக்கிட முதல் எந்த வழி திறந்திருக்கிறது என்று விசாரியுங்கள். மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால், ஆழம் குறைவு என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். வெள்ளத்துக்குக் கீழே வீதி அப்படியே இருக்கிறதா என்று சொன்னவருக்கும் தெரியாது. தை மாசியில் அரிவு வெட்டு. கிளிநொச்சிப் பக்கம் வீதியோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள். ரயர் அதில் ஏறினால் வழுக்கும்.

ஊர் வீட்டில் சொந்தக் கார் விட்டு வந்திருப்பவர்கள், போய் இறங்கியதும் திறப்பைத் திருகாதீர்கள். பொனற்றைத் திறந்து பாருங்கள். எலி வயர் அரித்திருக்கும், சில வேளை கூடும் கட்டியிருக்கும். பற்றறி இறந்திருக்கும். பழைய பெற்றோல் பழுதாகியிருக்கும். பிறேக்கில் துரு ஏறியிருக்கும். முதல் நாளே மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது பற்றறியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ரயருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று அடித்துவிட்டு வாருங்கள். ஊர்காவற்றுறை, காரைநகர் என்று கடலோரம் ஓடித் திரிந்த காரென்றால், மூடி வைக்க முதல் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு இரண்டு வருடத்தில் தன் வேலையைக் காட்டிவிடும்.

இரண்டு இலக்கத்தை எல்லோர் போனிலும் போட்டுவையுங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. 1990 இலவசம், வடக்கிலும் வரும். விபத்து நடந்தால் முதலில் காயப்பட்டவரைப் பாருங்கள். பிறகு பொலிஸும் காப்புறுதிக்காரரும் வரும்வரை வாகனத்தை நகர்த்தாமல் படம் எடுத்துவையுங்கள்.

திரும்பி வரும் நாளுக்கும் முதல் இரவின் கணக்குத்தான். விமானம் விடிய மூன்று மணிக்கு என்றால், முதல் நாள் பின்னேரம் அழுது முடித்து அவதிப்பட்டு ஏறாமல், காலையிலேயே வெளிக்கிடுங்கள். அம்மா பகல் சாப்பாட்டைப் பார்சல் கட்டித் தருவா, அதை முறிகண்டியில் அவிழ்க்கலாம்.