கிணறு எண்ணிக்கையை வருஷா வருஷம் கம்பேர் பண்ணும்போது எங்கெல்லாம் தப்பு நடக்குது

"இந்த வருஷம் இந்த ஏரியாவுல கிணறு தோண்டுறது 20 சதவீதம் குறைஞ்சிடுச்சு, அதனால அடுத்த வருஷம் எண்ணெய் உற்பத்தியும் சரியும்". இந்த மாதிரி ஒரு வரியை எத்தனையோ தடவை படிச்சிருப்பீங்க. இதுல மொத பாதி சரியாவே இருந்தாலும் ரெண்டாவது பாதி பெரும்பாலும் தப்பாப் போகுது, ஏன்னா "கிணறு தோண்டினாங்க"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள நாலஞ்சு வேற வேற விஷயம் ஒளிஞ்சிருக்கு.

ஒரு கிணறுக்கு மொதல்ல பெர்மிட் வாங்குவாங்க. அப்புறம் ரிக் (கிணறு தோண்டுற பெரிய மெஷின்) வந்து பூமியில ட்ரில் பிட்டை இறக்குற நாள், அதைத்தான் ஸ்பட்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் முழு ஆழத்துக்குத் தோண்டி முடிக்கிறது, அப்புறம் கம்ப்ளீஷன், அதாவது தோண்டின கிணறை உற்பத்திக்குத் தயார் பண்றது (ஷேல்ங்கிற இறுக்கமான பாறைன்னா, தண்ணியை அழுத்தத்துல அடிச்சு பாறையை விரிசல் விட வைக்கிற ஃப்ராக்கிங் இங்கதான் வரும்), கடைசியா மொத உற்பத்தி. இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி தேதி இருக்கு. 2019 நவம்பர்ல ஸ்பட் ஆன கிணறு 2020 மார்ச்ல கம்ப்ளீட் ஆனா அது எந்த வருஷக் கணக்கு? ஒரு வருஷத்துக்கு பெர்மிட் எண்ணிக்கையும் அடுத்த வருஷத்துக்கு கம்ப்ளீஷன் எண்ணிக்கையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு டிரெண்டுன்னு சொன்னா அது டிரெண்டே இல்ல. அதுவும் பெர்மிட்டை நம்பி எழுதறது ரொம்ப ரிஸ்க், வாங்கி வச்சுட்டுத் தோண்டாமலே காலாவதியாகுற பெர்மிட் நிறைய.

ரிக் கவுண்ட் இன்னொரு பெரிய குழி. பேக்கர் ஹியூஸ் கம்பெனி 1944ல இருந்து அமெரிக்காவுல ஓடுற ரிக்குகளை எண்ணி வெளியிடுது, இப்போ வாரா வாரம் வெள்ளிக்கிழமை வருது, எல்லாரும் அதைத்தான் பார்க்கறாங்க. ஆனா அது ரிக்கோட எண்ணிக்கை, கிணறோட எண்ணிக்கை இல்ல. 1981 டிசம்பர்ல அமெரிக்காவுல 4,530 ரிக் ஓடுச்சு, அதுதான் இன்னிக்கு வரைக்கும் உச்சம். 2023ல வருஷ ஆரம்பத்துல 770 பக்கம் இருந்து முடிவுல 620 பக்கம் இறங்குச்சு, ஆனா அந்த வருஷ எண்ணெய் உற்பத்தி நாளைக்கு சுமார் 1.29 கோடி பேரல், அது அப்போ வரைக்கும் இல்லாத ரெக்கார்டு! 1981ஓட பார்த்தா ரிக் ஏழுல ஒரு பங்கு பக்கம் ஆகியும் உற்பத்தி எப்படி ஏறுச்சுன்னா, 1981ல பெரும்பாலும் நேரா கீழ தோண்டினாங்க, இப்போ கீழ போயி பாறைக்குள்ள படுக்கையா ரெண்டு மைல், சில இடத்துல அதுக்கு மேலயும் ஓட்டுறாங்க, ஒரே பேடுல (கிணறு போடத் தயார் பண்ணின இடத்துல) இருந்து ரிக்கைக் கழட்டாமலே நகர்த்தி அடுத்தடுத்த கிணறு போடுறாங்க. ஒரு மைல் நீளத்துல ரெண்டு கிணறு போடற இடத்துல ரெண்டு மைல்ல ஒண்ணு போட்டா எண்ணிக்கை பாதி ஆயிடும், ஆனா தொட்ட பாறை அதே அளவுதான். அதனால கிணறு எண்ணிக்கையோட மொத்தமா தோண்டின அடி நீளத்தையும் சேர்த்துப் பாருங்க, கிடைச்சா கண்டிப்பா பாருங்க.

2015ஐயே எடுத்துக்கோங்க. 2014 முடிவுல 1,800க்கு மேல இருந்த ரிக் 2015 முடிவுல 700க்கு வந்துடுச்சு, ஆனா 2015 உற்பத்தி 2014ஐ விட அதிகம், இறக்கம் 2016லதான் தெரிஞ்சுது. விலை விழுந்து ரிக் நிக்கறதுக்கே சில மாசம் ஆகும், அது உற்பத்தியில தெரிய இன்னும் பல மாசம். நடுவுல தோண்டி முடிச்சும் கம்ப்ளீட் பண்ணாம விட்ட கிணறுகள் வேற ஸ்டாக் மாதிரி நிக்கும். 2020 கொரோனாவுக்கு அப்புறம் பல கம்பெனி புதுசா தோண்டாம இந்த ஸ்டாக்கை எடுத்துத்தான் கம்ப்ளீட் பண்ணினாங்க, தோண்டின கணக்கை மட்டும் பார்த்தவங்க அப்போ ஏமாந்துட்டாங்க.

அப்புறம் அந்த சதவீதம். 2020 ஆகஸ்ட்ல ரிக் 244, 2021 முடிவுல 586, அதாவது 140 சதவீத ஏற்றம். கேட்க பிரமாதமா இருக்கும், ஆனா 2020 ஆரம்பத்துல 790 பக்கம் இருந்துச்சே, அதோட பார்த்தா இன்னும் கால்வாசி கம்மி. ரொம்ப கீழ விழுந்த வருஷத்தை அடிப்படையா வச்சு சதவீதம் போடாதீங்க, குறைஞ்சது அஞ்சு வருஷக் கோடாவது வரைங்க.

சீசனும் விளையாடும். கனடா மேற்குல குளிர்காலத்துல தரை உறைஞ்சு கெட்டியா இருக்கும்போதுதான் வேலை மும்முரமா நடக்கும், வசந்தத்துல பனி உருகி ரோடு சேறாகி கனரக வண்டிக்குத் தடை வந்ததும் ரிக் கவுண்ட் மளமளன்னு சரியும். பிப்ரவரியை மே மாசத்தோட வச்சு "டிரில்லிங் படுத்துடுச்சு"ன்னு எழுதாதீங்க, மே மாசத்தைப் போன வருஷ மே மாசத்தோட வைங்க.

ஏரியா எல்லையை சாதாரணமா விட்டுடாதீங்க. அமெரிக்காவோட பெரிய எண்ணெய்ப் பகுதியான பெர்மியன் பேசின் டெக்சாஸ் மேற்குலயும் நியூ மெக்சிகோ தென்கிழக்குலயும் பரவிக் கிடக்கு. டெக்சாஸ் மாநில டேட்டாவை மட்டும் எடுத்து பெர்மியன்னு பேர் வச்சா நியூ மெக்சிகோவோட லீ, எடி கவுண்ட்டிகள்ல (மாவட்டம் மாதிரி) நடக்குற பெரிய வேலை விட்டுப்போயிடும், அதே நேரம் டெக்சாஸ் தெற்குல இருக்கிற ஈகிள் ஃபோர்ட் மாதிரி சம்பந்தமே இல்லாத ஏரியா உள்ள வந்துடும். (டெக்சாஸ்ல எண்ணெய்க் கிணறு பெர்மிட் கொடுக்கறது ரயில்ரோடு கமிஷன், பேரைப் பார்த்து ரயில்வே ஆபீஸ்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க, டேட்டா அங்கதான்.) கேஸ் பத்தி எழுதும்போதும் இதே கவனம் வேணும். பெர்மியன்ல எண்ணெய் ரிக்னு கணக்குல வர்றது கூடவே ஏகப்பட்ட கேஸையும் வெளிய கொண்டுவருது, அதனால கேஸ் ரிக் குறைஞ்சா கேஸ் குறையும்னு அவசியமே இல்ல.

கடைசி சில மாச டேட்டாவை அப்படியே நம்புறதுதான் நான் அதிகமா பார்க்குற தப்பு. கம்பெனிகள் ரிப்போர்ட் லேட்டா கொடுப்பாங்க, நார்த் டகோட்டாவுல புதுக் கிணறு விவரத்தை ஆறு மாசம் வரைக்கும் ரகசியமா வச்சுக்க அனுமதி இருக்கு. அதனால எந்த வருஷம் டேட்டா எடுத்தாலும் கடைசி நுனி கீழ வளைஞ்சே தெரியும். கிராஃப்ல கடைசி ஆறு மாசத்தைப் புள்ளிக் கோடா போட்டு, எந்தத் தேதியில டேட்டா இறக்கினீங்கன்னு கீழ எழுதி வைங்க, மூணு மாசம் கழிச்சு அதே டேட்டாவைத் திரும்ப இறக்கிப் பார்த்தா அந்த நுனி எவ்வளவு மேல ஏறியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.