டீசல் வண்டி ஃபில்டரில் காசு மிச்சம் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டீசல் வண்டி வாங்குகிறவர்களும் சரி, புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவர்களும் சரி, ஃபில்டர் என்று வந்தால் "மலிவானதை வாங்கி அடிக்கடி மாற்றினால் போதும்" என்ற ஒரே வாதத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வயதில் அதைப் பேசாத மெக்கானிக்கே கிடையாது என்பதால் திட்டவும் மனம் வருவதில்லை. பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமலே புது ஃபில்டரை முடுக்குவது, வளையத்தில் ஆயில் தடவ மறப்பது, இவற்றைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. தரையில் ஆயில் கொட்டினால் தானாகவே புரிந்துவிடும். வெளியே தெரியாமல் செலவு வைக்கிற தவறுகள் வேறு.

கம்பெனி, லோக்கல் என்று இரண்டே வகை இருப்பதாக நினைப்பது

வண்டி செய்கிற நிறுவனங்கள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. மான், மாலே, பாஷ், ஹெங்ஸ்ட் போன்ற தயாரிப்பாளர்களிடம் செய்யச் சொல்லி, தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அந்தத் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் அதே வண்டிக்கு ஃபில்டர் விற்கிறார்கள், பெரும்பாலும் குறைந்த விலைக்கு. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இங்கே பிடியுங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, கேட்டலாகில் பார்ட் நம்பர் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். ஒரே மாடலிலேயே தயாரிப்பு ஆண்டு மாறினால் ஃபில்டரும் மாறுவது சகஜம்.

மலிவானதை அடிக்கடி மாற்றினால் போதும் என்பது

"பாதி விலைதானே, பாதி கிலோமீட்டரிலேயே மாத்திடறேன், கணக்கு சரியாப் போச்சு." இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கேட்க நியாயமாக இருப்பதால்தான் இது இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது.

சீக்கிரம் மாற்றினால் அடைப்பு தீரும், உண்மை. ஆனால் மட்டமான டீசல் ஃபில்டரின் குறை அடைப்பு இல்லை. நிறுத்த வேண்டிய துகளை நிறுத்தாமல் விடுவதுதான் அதன் குறை. அந்த வேலையை அது மாட்டிய முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடும். பாதி கிலோமீட்டரில் மாற்றினால் என்ன, தினமும் மாற்றினால் என்ன? போகிற துகள் போய்க்கொண்டேதான் இருக்கும்.

காமன் ரெயில் என்ஜினில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்குமான டீசலை ஒரே குழாயில் (ரெயில்) அழுத்தி வைத்திருக்கும் என்ஜினில், டீசலின் அழுத்தம் 1600 பாரைத் தொடும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்), சில வண்டிகளில் 2000 பாரையும் தாண்டும். டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் ஒன்றோடொன்று உரசி நகரும் பாகங்களுக்கு இடையே இருப்பது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுள்ள துகள்தான் அதை அரிக்கும். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே போனால் மனிதக் கண்ணுக்கே தெரியாது. அதனால் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துத் தூக்கிப் பார்த்து "சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஒரு வேன்காரர் வந்தார். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, ஐடிலில் வண்டி நடுங்குகிறது என்றார். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை, அதாவது அவை பீய்ச்சாமல் திருப்பி அனுப்பும் டீசலை, பிடித்துப் பார்த்தால், இரண்டு மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தன. உள்ளே தேய்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். ஃபில்டரைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "போன மாசம்தான் மாத்தினேன். கழட்டின பழசுகூட புதுசு மாதிரியே இருந்துச்சு. இந்த ஃபில்டர் அடைக்கவே அடைக்காது!"

ஓட்டை விழுந்த சல்லடையும் அடைக்காதுதான். வண்டியில் இருந்த ஃபில்டரைக் கட்டரால் வெட்டித் திறந்து காட்டினேன். (ஹேக்ஸாவால் அறுக்காதீர்கள். அறுத்த இரும்புத் தூளையே என்ஜின் தூள் என்று நினைத்துப் பயந்துவிடுவீர்கள்.) காகித மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கியும் மறு பக்கம் விலகியும் இருந்தன. மேல் மூடியோடு காகிதத்தை ஒட்டியிருந்த பசை ஓரிடத்தில் பிடிக்கவே இல்லை. டீசல் காகிதத்துக்குள் போகாமல் அந்தச் சந்து வழியாகவே போயிருக்கிறது. பிறகு எப்படி அடைக்கும்?

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: டீசலில் ஒரு பகுதி டேங்குக்குத் திரும்பி மறுபடியும் ஃபில்டர் வழியாகத்தானே வருகிறது, இரண்டாம் முறை பிடித்துவிடாதா? பிடிக்கலாம். ஆனால் முதல் முறை தப்பிய துகள் பம்பையும் ரெயிலையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. அதோடு, ஃபில்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தைத் தூசிக்குத் திறந்து வைக்கிறோம். அடிக்கடி மாற்றுவதால் இதுதான் கூடுகிறது.

தண்ணீர் விஷயத்திலும் இதே ஏமாற்றம். நல்ல ஃபில்டர் டீசலில் கலந்த நுண்ணிய நீர்த்துளிகளைப் பிரித்துக் கீழே கிண்ணத்தில் இறக்கும். சென்சார் அங்கே தேங்கியதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் எச்சரிக்கை விளக்கை எரியவிடும். பிரிக்கத் தெரியாத ஃபில்டரில் துளிகள் டீசலோடு சேர்ந்து பம்புக்குப் போய்விடும். கிண்ணம் காலி, விளக்கு எரியாது, ஓட்டுகிறவர் நிம்மதியாக இருப்பார். பயோடீசல் கலந்த எரிபொருளில் தண்ணீரைப் பிரிப்பது இன்னும் கடினம். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு, தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. பம்ப் உராய்ந்து இரும்புத் தூள் உதிர ஆரம்பித்தால் பம்போடு முடியாது. ரெயில், பைப், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். ஃபில்டரில் மிச்சம் பிடித்ததை அந்த பில்லின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் இவ்வளவு பயம் வேண்டாம். அவற்றின் நாசில்கள் சில நூறு பாரில் வேலை செய்பவை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அந்த வண்டி ஓட்டிய அனுபவத்தை வைத்துக் காமன் ரெயிலுக்கு யோசனை சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பெட்டியில் உள்ள மைக்ரான் எண்ணை நம்புவது

"5 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருந்தால் பாதிச் செய்திதான். 5 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்பது மீதிப் பாதி. இதைச் சொல்வது பீட்டா மதிப்பு: உள்ளே வரும் துகள் எண்ணிக்கையைத் தப்பிப் போகும் எண்ணிக்கையால் வகுத்தது. அது 2 என்றால் பாதியை விட்டுவிடும். 200 என்றால் 99.5 சதவீதத்தைப் பிடிக்கும். இரண்டு பெட்டியிலும் அதே "5" இருக்கலாம். எந்தச் சோதனை முறையில் அளந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டீசல் ஃபில்டருக்கு ஐ.எஸ்.ஓ. 19438 என்ற முறை இருக்கிறது.

மரை ஏறினால் சரி என்பது

ஆயில் ஃபில்டரில் இது அடிக்கடி நடக்கும். 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர்தான். 20 மில்லிமீட்டர் ஃபில்டர் அந்தச் சின்ன ஸ்டட்டில் (என்ஜினில் நீட்டியிருக்கும் மரைக்கம்பி) சிரமமில்லாமல் ஏறி, இறுகியது போலவும் காட்டும். ஆயில் அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு போகலாம்.

மரை சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்தால் ஆயிலை வடிகட்டாமலே என்ஜினுக்கு விடுவது) எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பது ஃபில்டருக்கு ஃபில்டர் வேறுபடும். சில என்ஜின்களில் அந்த வால்வு ஃபில்டருக்குள் இருக்காது, என்ஜின் பக்கமே இருக்கும். ஆயில் கீழே வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் ஒன்று உண்டு. மட்டமான ரப்பர் சூட்டில் விறைத்துவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் சில நொடிகள் கடகடவென்று கத்தும்.

ஒரிஜினல் பெட்டி, லோக்கல் விலை

போலி. வாங்காதீர்கள்.

புது டீசல் ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்புவது

நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டரை நிரப்பும் பிரைமிங் பம்ப் எதற்கு இருக்கிறது?

ஏர் ஃபில்டரைக் காற்றடித்து ஓட்டுவது

அழுத்தக் காற்று காகிதத்தைக் கிழிக்கும், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. அடிக்கடி மாற்றவும் வேண்டியதில்லை. லேசாகத் தூசி படிந்த ஏர் ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் இருந்தால் அது சொல்லும்போது மாற்றுங்கள்.

கேபின் ஃபில்டர்

அளவு சரியாக இருந்தால் மலிவானதையே போடுங்கள். என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.