லீவர் ரைஃபிள்: முதலில் உடம்புக்குப் பொருந்தட்டும், அப்புறம் சுடலாம்

லீவர் ரைஃபிள், அதாவது டிரிக்கருக்குக் கீழே உள்ள வளையக் கைப்பிடியை (லீவரை) தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, வாங்கியவுடன் பலரும் தேடுவது பெரிய வளைய லீவரும் தோல் அலங்காரமும்தான். என் யோசனை வேறு. துப்பாக்கி உங்கள் தோளுக்கும் கண்ணுக்கும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். உரிமமும் உங்கள் பகுதிச் சட்டமும் சரியாக இருக்க வேண்டும், முதல் நாள் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1. காலி என்று உறுதி செய்யுங்கள். பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் பேரலுக்கு அடியில் உள்ள குழாயில்தான் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) காலியாகத் தெரிந்தாலும் குழாயில் ஒன்று மிச்சம் இருக்கலாம். தோட்டா வெளியே வருவது முழுதாக நிற்கும் வரை லீவரை இயக்கி, பிறகு சேம்பருக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

2. தோட்டாவைப் பார்த்து வாங்குங்கள். குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ளதன் பிரைமரை (தோட்டாவின் அடியில் அடி பட்டதும் தீப்பற்றும் பொட்டை) ஒட்டி நிற்கும். மூக்கு கூராக இருந்தால் பின்னுதைப்பின் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. 1895-இல் வந்த .30-30 என்ற தோட்டா வகை இன்றும் தட்டை மூக்கோடு விற்பது இதனால்தான். கூர்முனை வேண்டுமென்றால் ரப்பர் போல மென்மையான நுனியோடு, குழாய்க்கென்றே செய்த தோட்டாவை மட்டும் போடுங்கள்.

3. நீளத்தைச் சரிசெய்யுங்கள். தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்தால், பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். குறைந்தால் தோளில் படும் பின்கட்டை முனையில் தடித்த ரப்பர் பேட் மாட்டுங்கள், உதையும் குறையும். லீவர் வளையத்தில் தோல் சுற்றினால் விரல் முட்டி நோகாது. பெரிய வளையம் தடித்த கையுறை போடுபவருக்குத்தான் உதவும்.

4. சைட் (குறிபார்க்கும் கருவி). பின்புற வட்டத் துளை சைட் என் முதல் தேர்வு: துளையின் வழியே முன்சைட்டை மட்டும் பார்த்தால் போதும், கண் தானே நடுவில் கொண்டுவந்து வைக்கும். தொலைநோக்கி வேண்டுமா? 1948 முதல் வரும் மார்லின் 336 ரைஃபிள் சுட்ட தோட்டாவின் காலி உறையைப் பக்கவாட்டில் தள்ளுவதால் மேலே தடையில்லை. பழைய வின்செஸ்டர் 94 உறையை நேர்மேலே எறியும், அதன் தலைக்கு மேல் தொலைநோக்கி இடைஞ்சல்தான். டிரிக்கரையும் ஸ்பிரிங்குகளையும் நீங்களே தொடாதீர்கள், அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

5. ஹேமரை (டிரிக்கரை அழுத்தினால் முன்னே பாய்ந்து அடிக்கும் சுத்தியலை) இறக்கப் பழகுங்கள். இதை அவசரப்படாமல், காலித் துப்பாக்கியில் நிறையத் தடவை செய்யுங்கள். முனை பாதுகாப்பான திசையில். கட்டைவிரல் ஹேமரின் மேல் உறுதியாகப் பதிந்த பிறகுதான் டிரிக்கரை அழுத்த வேண்டும். ஹேமர் விடுபட்ட உடனே டிரிக்கரை விட்டுவிட்டு, கட்டைவிரலால் மெல்ல முன்னே கொண்டுபோங்கள். முழுதாக இறங்காமல் நடுவழியில் தடுக்கும் பாதிப் பள்ளத்தில் ‘டிக்’ என்று நிற்கும். நின்றதை இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். எண்ணெய் விரலோடு இந்த வேலை வேண்டாம்.

6. சுடுங்கள். 25 கஜத்தில், மேசைமேல் தாங்கு வைத்து மூன்று தோட்டா. குண்டுகள் இடப்பக்கம் போனால் பின்சைட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள், தாழப் போனால் உயர்த்துங்கள். பிறகு 100 கஜம்.

சுட்டபின் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், டிரிக்கர் விரலை வெளியே எடுத்து, லீவரைக் கடைசி வரை தள்ளி, கடைசி வரை இழுங்கள். பாதியில் திருப்பினால் உறை வெளியேறாது, அல்லது அடுத்த தோட்டா ஏறாது. புதியவர்களின் துப்பாக்கி ‘சிக்கிக்கொள்வது’ பெரும்பாலும் இப்படித்தான். மென்மையாக நடத்த வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம், இந்த இயந்திரம் தயக்கமில்லாத கைக்கென்று செய்தது.

7. துடைத்து வையுங்கள். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் துண்டு) பின்னால் வந்துவிடும், பேரலைப் பின்னாலிருந்தே துடைக்கலாம். சுட்டுவந்த நாளில் எல்லாத் திருகையும் சோதியுங்கள். உதையில் அவை தளரும். திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரையே எடுங்கள், ஒல்லியானது வாயைச் சிதைத்துவிடும்.