இறாலா, கொண்டைக்கடலையா? சத்தை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

100 கிராம் துவரம் பருப்பில் 22 கிராம் புரதம், 100 கிராம் இறாலில் 20 கிராம்தான், அப்புறம் எதற்கு இவ்வளவு காசு கொடுத்து இறால் வாங்குகிறீர்கள் என்று கேட்கும் படம் ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வந்து விழும். எண்கள் இரண்டும் சரிதான். ஒப்பிட்ட விதம்தான் தப்பு. கடையிலிருந்து வரும் பருப்பு காய்ந்த பொருள், இறாலோ முக்கால் பங்கு தண்ணீர். பருப்பை வேக வைத்தால் தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடிவிடும், இறாலை வதக்கினால் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். வெந்த பிறகு பார்த்தால் 100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 7 கிராம் புரதம், கொண்டைக்கடலையில் 9, இறாலில் 24. அந்தப் படம் சொன்னதற்கு நேர் எதிர்.

அதனால் முதல் வேலை, இரண்டையும் ஒரே நிலையில் வைத்துப் பார்ப்பது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகளின் கணக்கு இருக்கிறது, நம் ஊர்ப் பயறு வகைகளுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருளின் கணக்கு. வெந்த கணக்கு வேண்டுமென்றால் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுத்தளத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், நான் இங்கே சொல்லும் வெந்த எண்கள் அதை ஒட்டியவை. இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும், ஒப்பிடுவதற்கு அந்தத் துல்லியம் போதும்.

வெந்ததையும் வெந்ததையும் 100 கிராம் 100 கிராமாக வைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை, ஏனென்றால் நாம் 100 கிராம் கணக்கில் சாப்பிடுவதில்லை. வீட்டில் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள்: சாம்பாருக்குப் போடும் பருப்பைப் போடும் முன்பே நிறுத்து வையுங்கள். நாலு பேருக்கு 100 கிராம் போட்டால் மொத்தப் புரதம் 22 கிராம், ஆளுக்கு ஐந்தரை கிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் வேண்டும், 65 கிலோ ஆணுக்கு 54. தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே, புரதத்துக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்குதான் கண்ணைத் திறந்தது. அதே ஆள் மாலையில் ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் 13 கிராம் வந்துவிடுகிறது. பருப்பில் சத்து இல்லை என்று யாரும் சொல்லவில்லை, நாம்தான் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறோம்.

இறால் பக்கமும் இதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கிறது. மார்க்கெட்டில் ஒரு கிலோ வாங்கி, தலையும் ஓடும் எடுத்து, முதுகு நரம்பையும் உருவினால் கையில் நிற்பது ஏறக்குறைய அரைக் கிலோ. நண்டிலும் சிப்பியிலும் சதை இன்னும் குறைவு. அதனால் சுத்தம் செய்த பிறகு மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். விலையையும் இதோடு சேர்த்துவிடலாம்: வாங்கிய விலையை, கிடைக்கும் மொத்தப் புரதத்தால் வகுத்து, பத்தால் பெருக்கினால் 10 கிராம் புரதத்துக்கு என்ன செலவு என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, பருப்பு கிலோ 160 ரூபாய் என்றால் அதில் 220 கிராம் புரதம், 10 கிராமுக்கு ஏழு ரூபாய் சொச்சம். இறால் கிலோ 500 என்றால் சதை அரைக் கிலோ, புரதம் 100 கிராம், 10 கிராமுக்கு 50 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், எப்படிப் போட்டாலும் பருப்புதான் மலிவாக வரும். மாதக் கடைசியில் புரதத்துக்காக மட்டும் இறால் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆனால் புரதம் மட்டுமே சத்து இல்லையே. இங்கேதான் நான் நிஜமாகவே ஏமாந்தேன். அம்மாவுக்கு ரத்தசோகை என்று பரிசோதனையில் தெரிந்தபோது, கடல் உணவில் இரும்பு நிறைய என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மாதம் விடாமல் இறாலாக வாங்கிக் கொடுத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தால், 100 கிராம் வெந்த இறாலில் இரும்பு அரை மில்லிகிராம்தான், அதே அளவு வெந்த கொண்டைக்கடலையில் கிட்டத்தட்ட 3. கடைசியில் டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அம்மாவைத் தேற்றியது, சாப்பாடு அதற்குத் துணையாக நின்றது. தப்பு என் பேரில்தான், ஓடுள்ள எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டேன். இறாலும் நண்டும் ஒரு இனம், சிப்பியும் மட்டியும் வேறு இனம். கொளச்சல் பக்கம் பாறையில் மூழ்கி எடுக்கிறார்களே, அந்தச் சிப்பி வகையில் வெந்த 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு, புரதமும் இறாலுக்குச் சமம். நண்டில் இரும்பு அதிகமில்லை, ஆனால் துத்தநாகம் 4 மில்லிகிராம் வரை கிடைக்கும். ஆகவே இறாலா பருப்பா என்று கேட்கும் முன்னால் எந்தச் சத்துக்காகக் கேட்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் பாதி விடை வந்துவிடும்.

வைட்டமின் பி12 என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, பருப்பில் அது அறவே கிடையாது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், 100 கிராம் நண்டுச் சதையில் 3 இருக்கிறது, சிப்பியில் 20-ஐத் தாண்டும். சைவக்காரர்கள் இதற்குப் பால், தயிரைத்தான் பிடிக்க வேண்டும், போதாவிட்டால் மாத்திரை. நார்ச்சத்து என்று எழுதியிருந்தால் அப்படியே தலைகீழ்: இறால், நண்டு, சிப்பி மூன்றிலும் பூஜ்யம், ஒரு கிண்ணம் சுண்டலில் 11 கிராம். கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலேட் என்ற பி வைட்டமினும் பயறு பக்கம்தான், வெந்த பாசிப்பயறு 100 கிராமில் 150 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒமேகா 3 கொழுப்பு சிப்பியில் நன்றாக உண்டு, இறாலில் கொஞ்சம்.

புரதத்தின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதவை எல்லாமே கடல் உணவுப் புரதத்தில் போதுமான அளவு இருக்கின்றன. அவற்றில் மெத்தியோனின் என்பது பயறில் குறைவு, லைசின் என்பது தாராளம். அரிசியில் லைசின்தான் குறைவு, மெத்தியோனின் இருக்கிறது. இட்லியும் வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் இந்தக் குறையை எப்போதோ அடைத்துவிட்டன. அதனால் பருப்புப் புரதம் அரைகுறை என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், வெறும் பருப்பை மட்டும் நாம் எங்கே சாப்பிடுகிறோம்.

எண்ணைப் பார்த்தாயிற்று, அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது அடுத்தது. பயறில் இயல்பாகவே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், முடிந்தால் முளை கட்டுங்கள், ஃபைட்டேட்டும் குறையும், வயிற்றில் வாயுவும் குறையும். வைட்டமின் சி சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும், அதனால் சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமல்ல. மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் விற்கிறார்களே, அந்த மாங்காய்க்கும் இதே வேலைதான். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு வேறு: சுண்டலைத் தின்ற கையோடு டீ. டீயில் உள்ள டானின் அந்த இரும்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், இதற்குப் பைசா செலவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மீன், ஓடுள்ளவை, இறைச்சி, இவற்றில் எதையாவது பயறோடு சேர்த்துச் சாப்பிட்டால் பயறின் இரும்பும் கூடுதலாக உடம்பில் சேர்கிறது. மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பை நம் பாட்டிமார் எதற்காக வைத்தார்களோ, அந்தச் சட்டியில் இந்த வேலையும் சேர்ந்தே நடக்கிறது. இறால் விலை கட்டுப்படியாகாத வாரத்தில் சென்னாக்குனி, அதாவது காய்ந்த பொடி இறால் வாங்குங்கள். ஓட்டோடு அப்படியே சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். ஆனால் அது காய்ந்த பொருள், பாக்கெட்டில் போட்டிருக்கும் புரத எண்ணைப் பச்சை இறாலோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

எடை குறைப்பவர்கள் கவனிக்க: 100 கிராம் வெந்த இறால் சுமார் 100 கலோரி, கொண்டைக்கடலை 160. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கொலஸ்டிராலுக்குப் பயந்து இறாலை விட்டவர்கள் பலர். 100 கிராமில் 150 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது உண்மைதான், ஆனால் ரத்தக் கொலஸ்டிராலை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு, அது இறாலில் மிகக் குறைவு. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015-ல் எடுத்துவிட்டது. ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரையோ இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குபவர்கள் சிப்பி, இறாலைக் குறைத்துப் பயறு பக்கம் வருவது நல்லது. சிறுநீரக நோயாளிகள் இரண்டையுமே கேட்காமல் கூட்டக் கூடாது. இறால் தின்றதும் உதடு தடித்து, அரிப்பு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்ளலாம் என்று முயலவே முயலாதீர்கள், அந்த ஒவ்வாமை உயிர்வரை போகும்.

சிப்பி வாங்கும்போது எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று கேளுங்கள். தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர் அது, கழிவு கலந்த கழிமுகத்தில் வளர்ந்தால் அந்த அழுக்கும் உலோகமும் அதன் சதையில்தான் சேரும். சமைக்கும் முன் வாய் பிளந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ளவில்லை என்றால் அது செத்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.