பாலடினுக்குப் பொறி வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி, தான் முதன்முதலாக நடத்தப்போகும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு (டேபிளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவது) எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். இனி அவன்தான் டிஎம். கதையை நடத்துவதும் தீர்ப்பு சொல்வதும் அவன் வேலை. மூன்றாம் பக்கத்தில், ஊரார் எரிக்கப்போகும் ஒரு சூனியக்காரியைப் பற்றிய காட்சி. அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "எதைச் செய்தாலும் பாலடின் சக்தியை இழப்பான்." பாலடின் என்றால் நெறிக்கும் சபதத்துக்கும் கட்டுப்பட்ட புனித வீரன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

பாத்திரத்தின் விவரம் எழுதும் ஷீட்டில் அலைன்மென்ட் (அந்தப் பாத்திரத்தின் குணமும் சார்பும்) கட்டத்தைக் காலியாக விடுவது, ஒன்பது கட்டங்களின் பெயரை மாற்றிச் சொல்வது போன்ற சின்னப் பிழைகளெல்லாம் இரண்டு செஷனில் தானாகச் சரியாகிவிடும். நான் சொல்லப்போவது ஆட்டத்தையே கெடுக்கும் தவறுகளை.

லாஃபுல் என்றால் ஊர்க் காவலன் சொல்படி நடப்பது அல்ல

1974-ல் இந்த விளையாட்டு வந்தபோது லா (ஒழுங்கு), நியூட்ராலிட்டி (நடுநிலை), கேயாஸ் (ஒழுங்கின்மை) என்று மூன்றே பிரிவுகள். ஒருவரின் குணத்தைவிட அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான் அவை அதிகம் காட்டின. 1976-ல் இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் நல்லது (குட்), கெட்டது (ஈவில்) என்ற இன்னொரு அச்சைச் சேர்த்தார். 1978-ல் வந்த விதிப்புத்தகத்தில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து இப்போது நமக்குத் தெரிந்த ஒன்பது கட்டங்கள் ஆகின.

கொடுத்த வாக்கு, எடுத்த சபதம், சேர்ந்த கூட்டம் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டவன்தான் லாஃபுல். செஞ்சோற்றுக் கடனுக்காகத் துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனை நினைத்துப் பாருங்கள். அவன் கட்டுப்பாட்டில் குறையில்லை. நின்ற பக்கத்தில்தான் நியாயமில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் இரண்டு அச்சு.

எப்படிப் போனாலும் விழும் பள்ளம்

மூன்றாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்த காலம். எங்கள் டேபிளில் பாலடின் ஆடிய நண்பர் பதினான்கு வாரமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. அந்தப் பதிப்பில் பாலடின் லாஃபுல் குட்டாக மட்டுமே இருக்கலாம். முறையான அதிகாரத்தை மதிக்க வேண்டும், பொய் சொல்லக்கூடாது, தவிப்பவர்களுக்கு உதவ வேண்டும். இந்த நெறியை அதனோடேயே மோதவிட்டால் ஆழமான கதை கிடைக்கும் என்று நம்பினேன். ரொட்டி திருடிய ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். அந்த ஊர்ச் சட்டப்படி தூக்கு. ஒப்படைத்தால் 'குட்' போச்சு, ஒளித்து வைத்தால் 'லாஃபுல்' போச்சு. இரண்டுக்கும் தண்டனையை முந்தின நாள் இரவே எழுதி வைத்துவிட்டேன்.

நண்பர் வெகுநேரம் யோசித்தார். அப்புறம் பையனை வண்டியில் படுக்கவைத்து மேலே வைக்கோலைப் பரப்பினார். வழிமறித்த காவலனிடம், "வைக்கோல் மட்டும்தான் இருக்கு" என்றார். டேபிளில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த வருடம் நாங்கள் ஆடியதிலேயே நல்ல காட்சி அதுதான். நான் சொன்னேன்: "பொய் சொல்லிட்ட. உன் சக்தியெல்லாம் போச்சு."

அவர் வாதாடவில்லை. ரப்பரை எடுத்தார். தொட்டுக் காயம் ஆற்றும் சக்தி, மந்திரங்கள், குதிரை என்று ஒவ்வொரு வரியாக அழித்தார். தூளை ஊதிவிட்டு ஷீட்டை என் பக்கம் தள்ளினார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆறு வாரத்தில் அந்தக் கேம்பெய்னே, அதாவது வாராவாரம் தொடர்ந்த கதையே, நின்றுபோனது.

பிறகு விதியை நிதானமாகப் படித்தேன். அலைன்மென்ட் மாறினால், தெரிந்தே கெட்ட செயல் செய்தால், அல்லது நெறியைப் படுமோசமாக மீறினால்தான் சக்தி போகும் என்று இருந்தது. ஒரு குழந்தையின் உயிருக்காகச் சொன்ன பொய் இதில் எதிலும் வராது. போன சக்தியைத் திரும்பப் பெற அடோன்மென்ட் என்று ஒரு மந்திரமும் இருந்தது. இவ்வளவு ஏன், மிகக் கடுமையான 1978 விதியில்கூட, தெரிந்தே செய்த கெட்ட செயலுக்குத்தான் மீட்சி கிடையாது. கேயாட்டிக், அதாவது ஒழுங்கை மீறும் செயல் என்றால் லாஃபுல் குட் பூசாரி ஒருவரிடம் ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்தால் போதும். புத்தகம் விட்டுவைத்த கதவுகளை எல்லாம் நானே சாத்தியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

தர்மசங்கடம் கதைக்கு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முடிவும் வேறு வேறு ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு வழியும் ஒரே பள்ளத்தில் முடிந்தால் ஆட்டக்காரர் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள்: நல்லவனாக ஆடினால் அடி விழும் என்று. அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் டேபிளில் யாரும் பாலடின் எடுக்கவில்லை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் பாலடின் எந்த அலைன்மென்ட்டிலும் இருக்கலாம், சபதம்தான் முக்கியம். தம்பி ஆடுவது இந்தப் பதிப்பைத்தான். பொறியை மட்டும் சபதத்துக்கு மாற்றி வைத்திருந்தான்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சபதத்தின் ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று முதல் செஷனுக்கு முன்பே ஆட்டக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆட்டத்தில் எல்லை நெருங்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள்: "இது உன் சபதத்துக்கு விரோதம்னு உன் பாலடினுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செய்யறியா?" இதைக் கேட்காமல் யாருடைய சக்தியையும் பறிக்காதீர்கள்.

கேயாட்டிக் நியூட்ரல்

ஒழுங்குக்கும் கட்டுப்படாத, நல்லது கெட்டது இரண்டிலும் சேராத கட்டம் இது. இதைச் சாக்காக வைத்து, "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று சக ஆட்டக்காரரின் பொருளைத் திருடினால், அன்றைக்கே நிறுத்துங்கள்.

கெட்டவனைக் கண்டுபிடிக்கும் மந்திரம்

ஐந்தாம் பதிப்பில் டிடெக்ட் ஈவில் அண்ட் குட் மந்திரம் மனசைப் படிக்காது. முப்பது அடிக்குள் பேய், தேவதை, நடைபிணம் மாதிரி பிறவிகள் இருந்தால் காட்டும், அவ்வளவுதான். கொலைகார வியாபாரி பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது.

கோப்ளின் என்றாலே கெட்டது

மூன்றாம் பதிப்பின் அரக்கர் பட்டியலில் அலைன்மென்ட்டுக்கு முன்னால் ஒரு சொல் இருக்கும்: எப்போதும், பெரும்பாலும், அடிக்கடி. கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்குப் போட்டிருப்பது 'பெரும்பாலும்'. அதாவது பாதிக்கு மேல், எல்லாமும் அல்ல. கையைக் கட்டி உட்காரவைத்த கோப்ளின் எப்படிப்பட்டது என்பதை டிஎம் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அலைன்மென்ட் மாறினால் தண்டனை

முதல் பதிப்பில் பாத்திரத்தின் ஒரு லெவலே (வளர்ச்சிப் படி) குறையும். இன்றைக்கு அது வேண்டாம். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், போதும்.

தம்பி அந்தச் சிவப்பு வரியை அங்கேயே அடித்தான். "சூனியக்காரியைக் காப்பாத்தினா ஒரு பக்கம், காப்பாத்தலன்னா ஒரு பக்கம், ரெண்டும் எழுதிட்டு வரேன் அண்ணா" என்றான். வரும் ஞாயிறு அவன் டேபிளில் பாலடின் ஆடப்போவது நான்தான்.