மலைக்குளிரில் பழ ஈ: மரபணு நோயை ஆராயும் முறை

நீலகிரிப் பழங்குடியினரிடம், இரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-லேயே பதிவானது. அதைப் பழ ஈயில் ஆராய முடியாது. ஈக்குச் சிவப்பணுவே இல்லை. மனித நோய் மரபணுக்களில் ஏறக்குறைய 75 விழுக்காட்டுக்கு ஈயில் இணை உண்டு என்றாலும், நோய் தாக்கும் உறுப்பு ஈக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நரம்பு நோய்கள் நன்றாகக் கைகொடுக்கும். ஹன்டிங்டன் நோயை எடுத்துக்கொள்வோம்: ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து 40 தடவைக்கு மேல் அடுக்கி வந்தால் நோய். அந்த நீண்ட துண்டை ஈயின் கண்ணில் இயக்கிப் பார்க்கலாம்.

ஈக்கு உணவு: 1 லிட்டர் தண்ணீருக்கு மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40, ஈஸ்ட் 20, உணவை உறையவைக்கும் அகார் 10. ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்ததும் இறக்கினால் அகார் முழுதும் கரையாது. உணவு கூழாகவே நின்று ஈக்கள் அதில் ஒட்டிச் சாகும். அடிபிடிக்காமல் கிளறியபடி மேலும் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்து, 60 டிகிரிக்கு ஆறியதும், பூஞ்சையைத் தடுக்கப் புரோப்பியானிக் அமிலம் 4 மில்லி, 10 மில்லி எத்தனாலில் கரைத்த மெத்தில் பாரபென் 1 கிராம் சேருங்கள். குழாய்களில் ஊற்றி, உட்புற ஈரம் காய்ந்த பிறகே பஞ்சடையுங்கள். மழை மாதங்களில் இதில் அவசரப்பட்டால் பூஞ்சைதான்.

அடுத்தது வெப்பநிலை. பாதிப் பரிசோதனைகள் கெடுவது இதனால்தான். 25 டிகிரியில் முட்டை 10 நாளில் ஈயாகும். 18 டிகிரியில் இரண்டு மடங்கு நாளாகும். அதைவிட முக்கியம், மரபணுவை இயக்கும் கேல்4 புரதம் குளிரில் மந்தமாகிவிடும். அறைக் குளிரில் வளர்ந்த ஈயில் நோய் லேசாகத் தெரியும். கொடுத்த மருந்துதான் வேலை செய்தது என்று ஏமாந்துபோவோம். இன்குபேட்டர் கட்டாயம். மின்தடைக்குத் தெர்மோகோல் பெட்டியும் வெந்நீர் பாட்டிலும் தயாராக இருக்கட்டும்.

கலப்புக்கு, 25 டிகிரியில் வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரித்துவிடுங்கள். வெளிறிய உடல், வயிற்றில் கரும்புள்ளி தெரிந்தால் இன்னும் இணை சேராதவை. ஜிஎம்ஆர்-கேல்4 (கண்ணில் கேல்4 புரதத்தை உண்டாக்கும் ஈ) பெண் 10, நீண்ட துண்டு உள்ள யூஏஎஸ் (கேல்4 வந்து பற்றினால் அத்துண்டை இயக்கும் விசை) ஆண் 5. ஐந்தாம் நாள் பெற்றோரை வேறு குழாய்க்கு மாற்றுங்கள். இல்லையேல் தலைமுறை கலந்துவிடும். ஒப்பீட்டுக்கு, சி-ஏ-ஜி அடுக்கு குறைந்த குறுகிய துண்டு உள்ள ஈக்களும், ஜிஎம்ஆர்-கேல்4 மட்டும் உள்ள ஈக்களும் அதே தட்டில் வளரட்டும். ஏனெனில் 29 டிகிரியில் கேல்4 தானாகவே கண்ணைச் சொரசொரப்பாக்கும்.

கண் வெளியே ஒழுங்காகத் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். தலையை நறுக்கி, நகப்பூச்சுத் துளியில் தகட்டில் ஒட்டி, கீழிருந்து வலுவான ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் பாருங்கள். நல்ல ஈயில் ஒவ்வொரு கண்ணறையிலும் 7 ஒளிப்புள்ளிகள் சரிவகமாக நிற்கும். நோயுற்ற ஈயில் நாள் ஏற ஏற அவை ஆறு, ஐந்து, நான்கு என்று அணையும். ஒரே வயது ஈக்களையே ஒப்பிடுங்கள். எந்தக் குழாய் எது என்று வேறொருவர் மறைத்துவைத்த பிறகே எண்ணுங்கள்.

மரபணு மாற்றிய ஈக்களுக்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி தேவை. பழைய குழாய்களை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.