ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும்: நாட்டுத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே மசகு

சென்னை காசிமேட்டில் அப்பாவுக்குப் படகுத் தச்சு வேலை. ஈர மரத்தில் ரம்பம் சிக்கிக்கொண்டால், பழைய டால்டா டப்பாவிலிருந்து ஒரு விரல் கொழுப்பை எடுத்து அலகின் இரண்டு பக்கமும் இழுத்து விடுவார். அடுத்த இழுப்பிலேயே ரம்பம் வழுக்கிக்கொண்டு போகும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் விவசாயம் செய்யும் என் மச்சானிடம் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கியது. அவர் கேட்ட பிறகுதான் இந்தக் கொழுப்பை முறையாகக் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். உரிமம் இல்லாமல் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். உரிமத்தோடு துப்பாக்கி இல்லாதவர்கள் இந்த மசகை ரம்பம், இழைப்புளி, குத்துச்சண்டைத் தோல் கிளவுஸ் இவற்றுக்குப் பயன்படுத்துங்கள். செய்முறை ஒன்றுதான்.

கடையில் கிரீஸ் கிடைக்கும்போது இது எதற்கு? குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில் போடுவது கரிமருந்து: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அது எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் கொஞ்சம் புகையோடு போனாலும், மீதி கரிப்படிவாகக் குழலிலேயே தங்கிவிடும். பெட்ரோலிய கிரீஸ் அந்தச் சூட்டில் கருகி, படிவோடு சேர்ந்து தார் மாதிரி இறுகும். நாலு தடவை சுட்டதும் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்தால் படிவு இளகியே இருக்கும், துடைத்தால் வந்துவிடும்.

முதலில் கொழுப்பு. விடியற்காலையில் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (ஆடு அறுக்கும் கூடம்) பக்கமோ, உங்கள் தெருக் கறிக்கடையிலோ ‘கிட்னி கொழுப்பு’ என்று கேளுங்கள். கிட்னியைச் சுற்றி வெள்ளையாக, தொட்டால் பொடிகிற மாதிரி கெட்டியாக இருக்கும். தோலடிக் கொழுப்பு வேண்டாம், அது இளக்கம். ஒரு கிலோ போதும். மாட்டுக் கொழுப்பிலும் நன்றாக வரும்.

தேன்மெழுகைப் பாரிமுனைக்கு அந்தப் பக்கம், ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கலாம். பாரஃபின் கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நகத்தால் ஒரு சீவல் எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். நல்ல மெழுகு சூடேறிப் பிசின் மாதிரி ஒட்டி உருண்டையாகும், தேன் வாசனை வரும். கலப்படம் வழுக்கும், பொடிப்பொடியாக உதிரும். பாரஃபினும் பெட்ரோலியச் சரக்குதான், நாம் எதைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதேதான்.

கொழுப்பை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒட்டியிருக்கும் கறி, ரத்தம், சவ்வு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். அடி கனத்த பழைய பாத்திரத்தில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, இருப்பதிலேயே சிறிய சூட்டில் வையுங்கள். நெருக்கமான குடித்தன வீடு என்றால் மொட்டை மாடியில் இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது. வாசனை கீழே இறங்காது, நெருப்பும் இல்லை. பக்கத்திலேயே இருங்கள், காக்காய் சும்மா விடாது. ஒன்றரை மணி நேரத்தில் துண்டுகள் சுருங்கி மிதக்கும். அவை சிவக்கக் கூடாது. சிவந்தால் கொழுப்பு கருகிவிட்டது, நாற்றம் போகாது. எப்போதாவது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடி போட்டு மூடி அடுப்பை அணையுங்கள்.

பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். அடுத்த வேலையில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். வடித்த கொழுப்பில் அதே அளவு தண்ணீர் ஊற்றி மறுபடி சூடாக்கி, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். காலையில் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும். தட்டை எடுத்துத் திருப்பினால் அடியில் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு இன்னொரு தடவை இதே மாதிரி கழுவுங்கள். அந்தப் படலம்தான் பின்னால் ஊசிப்போகும்.

இந்தத் தண்ணீரில் உப்புப் போட்டால் கொழுப்பு இன்னும் வெளுக்கும் என்பார்கள். வெளுக்கும், உண்மைதான். நானும் போட்டேன். அதை அப்பாவின் இழைப்புளி அலகில் தடவி வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் அலகு ஓரம் முழுக்கச் செந்துரு, மிளகாய்த்தூள் தூவிய மாதிரி. நாற்பது வருஷம் அவர் கையில் இருந்த அலகு அது. கடற்காற்று வீசுகிற ஊரில் இரும்பில் படுகிற மசகுக்கு ஒரு சிட்டிகை உப்புகூட ஆகாது. சமையல் செய்த கொழுப்பும் அதனால்தான் கூடாது.

கழுவிய கொழுப்பைத் தனியாக உருக்கிச் சிறிய சூட்டில் வையுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் சடசடவென்று குமிழ் வரும். சத்தம் அடங்கிக் குமிழே வராமல் கண்ணாடி மாதிரி நிற்கும் வரை வையுங்கள்.

கலப்பதற்குப் பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் சின்னப் பாத்திரத்தை வைத்து, முதலில் மெழுகை உருக்கி, பிறகு கொழுப்பைச் சேருங்கள். மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும், கொழுப்பு அதற்கு வெகு முன்பே இளகிவிடும். அதனால் அளவை வெயில்தான் முடிவு செய்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரண்டு பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு மெழுகு. அக்னி நட்சத்திரத்தில் சரிபாதி. ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் உறையவிட்டு, நடுப்பகலில் நிழலில் வைத்துப் பாருங்கள். வழிந்தால் மெழுகு கூட்டுங்கள், விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் கொழுப்புக் கூட்டுங்கள். பிறகு தகர டப்பாவில் ஊற்றி மூடுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அங்கே உறைந்து தெருவையே அடைக்கும்.

டப்பா மேல் ஆடா மாடா என்று எழுதுங்கள். 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், புதிய என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாக் காகிதத்தில் தடவியது மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு கிளம்பி எங்கே போய் நின்றது என்று நமக்குத் தெரியும். வாங்குகிறவரிடம் சொல்லிக் கொடுப்பது மரியாதை.

மச்சான் குண்டைச் சுற்றும் துணிக்கு இதைத் தடவுகிறார். துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் உருகிக் குழலில் ஒட்டும். லேசாகச் சூடாக்கி, நூல் நனைகிற அளவு மட்டும் தேய்த்தால் போதும். கெட்டித்து வைத்துவிட்டு மறுநாள் சுடலாம் என்று விடக்கூடாது, கொழுப்பு மருந்தில் ஊறிவிடும். சுட்ட அன்றே குழலை வெந்நீர் விட்டுக் கழுவி, துளி ஈரமும் இல்லாமல் உலரத் துடைத்து, இதே மசகை மெல்லிசாக உள்ளே ஓட்டிவிடுகிறார்.